ஹெரால்டுக்கு ஓர் ஈரமில்லாத இடம்

இன்று காலை நாளிதழைப் பிரித்தபோது வழவழப்பான துண்டுத்தாள் ஒன்று மடியில் விழுந்தது. பழைய கார்களைப் பத்திரமாக நிறுத்திப் பராமரிக்கும் கூடம் ஒன்று ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கப்பட்டிருக்கிறதாம். தூசி இல்லை, ஈரம் இல்லை, எலி இல்லை, வெயில் இல்லை என்று நான்கு ‘இல்லை’களை வரிசையாக அச்சிட்டு, கீழே சிவப்புத் துணி போர்த்திய ஒரு காரின் படத்தையும் போட்டிருந்தார்கள். நான் வாழ்நாள் முழுவதும் மண்ணியல் கற்பித்தவன். ஒரு மண்ணைப் பற்றிக் கேட்டால் அதில் இல்லாதவற்றை மட்டும் எழுதிவைக்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தவன். ஆயினும் அந்தத் தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இதே நான்கு ‘இல்லை’களைத் தேடி, கையில் ஓர் ஈரமானியுடன் கோயம்புத்தூரைச் சுற்றி வந்தவன் நானேதான்.

முதலில் காரை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஹெரால்டு என்றால் இன்று பலருக்கு விளங்குவதில்லை. என் பேரன் அதை ஒரு செய்தித்தாள் என்று நினைத்தான். இரண்டே கதவுகள், பாலாடை நிறம். அதன் போனட்டைத் திறப்பது ஏதோ ஒரு மூடியைத் தூக்குவது போன்றதன்று. விளக்குகளும் மட்கார்டுகளும் உட்பட முகம் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெளியே தெரிய, மெக்கானிக் டயரின்மீது அமர்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பல் மருத்துவரிடம் மிக நல்ல பிள்ளையாக வாயைத் திறந்து காட்டுவதுபோல் இருக்கும். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், ஊரை விட்டுப் போன ஆலை மருத்துவர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினோம். வாங்கியது இருவரும்; ஓட்டியது பியூலா.

பியூலா என் மனைவி. தாராபுரத்து மிஷன் வளாகத்தில் பிறந்தவள். கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் கற்பித்தாள். அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பக்கத்து இருக்கையில் அமர்ந்தால் சூலூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதே பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஊட்டி மலைப்பாதையின் அத்தனை வளைவுகளும் அவளை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே நாற்பத்தோராண்டு காலம் நான் பயணியாகவே இருந்தேன். “சாருக்குச் சம்பளமில்லாத டிரைவர் அமைஞ்சுட்டாங்க” என்று துறையில் யாரோ கேலி செய்ததை அவளிடம் சொன்னபோது, “சம்பளமில்லைன்னு யாருங்க சொன்னாங்க? உங்க சம்பளம் பூரா எங்கிட்டத்தானே வருது” என்றாள்.

பயணியாக இருந்தவன் சும்மா இருக்கவில்லை. வழிநெடுக மண்ணை வாசித்துக்கொண்டே போவேன். இது செம்மண், இது சரளை, இனி இரண்டு மைலுக்குக் கரிசல் என்று. இதை அவள் ரசித்ததாக நெடுங்காலம் நம்பியிருந்தேன். “ஏனுங்க, மண்ணு எங்கியும் ஓடிராதுங்க. அந்த லாரிக்காரன் கை காட்டறானான்னு பாருங்க” என்பாள்.

அவளுடைய டேஷ்போர்டுத் தட்டில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும்: யூடிகோலன் வாசனைநீர் தெளித்த கைக்குட்டை ஒன்று, சுக்குத் துண்டுகள் அடைத்த டப்பி ஒன்று. ஓட்டும்போது அவளுக்கு இரண்டுமே தேவைப்பட்டதில்லை. ஆனால் அவை இல்லாமல் வண்டியைக் கிளப்ப மாட்டாள். யூடிகோலன், சுக்கு, ரெக்சின் இருக்கை, அவள் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூள், எங்கோ பின்னாலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஆகியவை சேர்ந்த ஒரு வாசம் அந்தக் காருக்கு இருந்தது. என் தொழிலில் மூக்கும் ஒரு கருவி. மண்ணை முகர்ந்து பார்க்காமல் பையில் கட்டக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அதைவிட முக்கியமான இன்னொரு விதியும் உண்டு. ஈரம் அளக்க வேண்டிய மண்ணை எடுத்த இடத்திலேயே காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். இடையில் ஒருமுறை பிரித்துவிட்டால், பிறகு உள்ளே இருப்பது அந்த மண் அன்று.

அப்படிக் கட்டுவதில் எங்கள் ஆய்வகத்தில் கைதேர்ந்தவர் சென்னியப்பன். ஆய்வக உதவியாளர். கொடுமுடிக்கு அருகே வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் இருந்தது. அவர் கட்டிய பையிலிருந்து ஆறு மாதம் கழித்தும் ஓர் அணுகூட ஈரம் போயிருக்காது. அவருடைய மகளின் திருமணம் சென்னிமலைக் கோயிலில் நடந்தபோது, மணமக்களை மேலே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்த வண்டி கடைசி நேரத்தில் வரவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் பியூலா, பட்டுப் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஹெரால்டில் மணமக்களை ஏற்றி முருகனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எங்கள் சபையிலும் அவளுக்கு அதே வேலைதான். எத்தனை மணப்பெண்களை ஆலய வாசலில் இறக்கிவிட்டாளோ, கணக்கில்லை. பின்னிருக்கையின் இடுக்கில் கைவிட்டால் கொண்டை ஊசிகள் கிடைக்கும். யாருடையவை என்று எங்களுக்குத் தெரியாது. எடுத்தவற்றைத் திரும்ப அங்கேயே போட்டுவிடுவாள்.

கொண்டை ஊசியிலிருந்து வேறொரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மனம் போகிறது. அது கல்யாணச் சாப்பாடும் அன்று. மணமான புதிதில் காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண் எடுக்கப் போயிருந்தோம். கிளம்பும்போது தோட்டத்துக்காரர் வாசல் வரை வந்து, “சாப்புட்டுப் போலாமுங்க” என்றார். நான் “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு கொல்லைப்புறத்தில் ஒரு சேவலைத் துரத்தும் சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரம் கழித்து இலை போட்டார்கள். அந்தக் குழம்பின் ருசி இன்றும் நாவில் இருக்கிறது. திரும்பும் வழியில் பியூலா இரண்டு மைல் ஓட்டினாள். அப்புறம் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தாள். “அது மரியாதைக்குச் சொல்லி உங்களுக்கு விடை குடுத்ததுங்க. நீங்க இலை கேட்டுப்போட்டீங்க.”

நான் இதே நாட்டில் பிறந்தவன்தான். என் தாயும் தந்தையும் அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளி என்னைப் படிக்க வைத்தது. உதவித்தொகை கடல் தாண்டிக் கொண்டுபோயிற்று. ஆனால் ‘சாப்பிட்டுப் போங்க’ என்ற சொல் நான் வளர்ந்த நாள்களில் எங்களை நோக்கி வந்ததில்லை. ஆகவே அது வந்தபோது எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வீட்டு அம்மாள் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றினார்கள். அதற்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

அன்றைக்குத்தான் பியூலா எனக்கு ஒரு விதி சொன்னாள். நம் ஆட்கள் வாய் திறந்து ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். “எடுத்த எடுப்புல ‘ஆகட்டுங்க’ன்னா நம்பாதீங்க. நாலு கேள்வி கேக்கறாங்களான்னு பாருங்க. எப்ப வாரீங்க, எத்தன பேரு, எத்தன நாளுன்னு கேட்டா, நெசமாலுமே ஆகும்னு அர்த்தம்.” இந்த விதி ஒருமுறையும் பொய்த்ததில்லை. வாடகை வீடு, சபைக் குழு, பேருந்தில் இருக்கை, எல்லா இடத்திலும் செல்லுபடியானது. பயன்படுத்தியவள் அவள்; நான் பின்னால் நின்றவன்.

அவள் ஓர் ஆகஸ்டில் போனாள். நோய் நெடுநாள் நீடிக்கவில்லை. மருத்துவமனைக்கும் அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். இல்லாவிட்டால் குமட்டும் என்றாள். நிறுத்துமிடத்தில் கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டி, சாவியை என் கையில் தந்தாள். பதினோரு நாள் வண்டி அங்கேயே நின்றது. பன்னிரண்டாம் நாள் நான் அதை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். எனக்கும் ஓட்டத் தெரியும். தெரியும் என்று உரிமம் சொல்கிறது.

நாங்கள் கட்டிய வீட்டை விற்றுவிட்டுத் தன் அடுக்ககத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மகள் சொன்னாள். சரி என்றேன். கிறிஸ்துமஸுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தட்டுமுட்டுப் பொருள்களைப் பற்றி எனக்கு ஒரு விசாரமும் இல்லை. காருக்கு மட்டும் இடம் பார்க்க வேண்டியிருந்தது.

“கீழ பார்க்கிங்ல நம்ம எடம் சும்மாதானேப்பா இருக்கு? அங்கியே நிறுத்திக்கலாம்” என்றாள் மகள். போய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் திறந்த இடம்; மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானமும் அதுதான். தூசி, வெயில், தெறிக்கும் மழை என்று ஒரு பட்டியல் சொன்னேன். அவள் வாதாடவில்லை. அவள் தாயின் மகள்.

அதன் பிறகு ஈரமானியும் நானும் கிளம்பினோம். நூற்பாலை ஒன்றில் உயர்ந்த பதவியில் இருக்கும் பழைய மாணவர், “தாராளமாக் கொண்டாங்க சார், பழைய குடோன் காலியாத்தான் இருக்கு” என்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதோடு, நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் காற்றையே நனைத்து வைப்பார்கள் என்பது எனக்கு அங்கே போய் நின்று, மூக்குக்கண்ணாடி மங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முனைவர் பட்டம் இதற்கெல்லாம் உதவுவதில்லை. பல்லடத்தில் சபை நண்பர் ஒருவர் கோழிப்பண்ணைக் கொட்டகையைக் காட்டினார். “கோழிங்க ஒண்ணும் ஆட்சேபிக்காதுங்க” என்றார். கோழிகள் ஆட்சேபிக்கவில்லை, எச்சத்திலிருந்து எழும் நெடி ஒரே மாதத்தில் பம்பரின் பளபளப்பைத் தின்றுவிடும் என்று என் மூக்கு ஆட்சேபித்தது.

கடைசியாக, இன்றைய துண்டுத்தாளில் இருப்பதைப் போன்ற ஒரு கூடத்துக்கும் போனேன். அங்கிருந்த இளைஞர் மிகவும் விவரமானவர். எத்தனை மாதம், பேட்டரி கழற்றியாகிவிட்டதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், டயர் எந்த ஆண்டு என்று சரியாக நான்கு கேள்விகள் கேட்டார். பியூலாவின் விதிப்படி உலகிலேயே நம்பத் தகுந்த மனிதர் அவர்தான். கடைசியில் சொன்னார்: “கண்ணாடிய மட்டும் ஒரு இஞ்ச் எறக்கி வெச்சிருவோம் சார். காத்து போய் வரலைன்னா உள்ள பூஞ்ச புடிச்சுரும்.”

அது முற்றிலும் சரி. அந்தப் பாடத்தை அவர் பிறப்பதற்கு முன்பே நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு எழுந்துகொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன? அவள் ஏற்றிய கண்ணாடிகளை நான் இறக்கவில்லை. அன்றிலிருந்து ஒருமுறைகூட. காலையில் சில நாள் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, பயணி இருக்கையில் உட்கார்ந்து, உடனே சாத்திக்கொள்வேன். யூடிகோலன், சுக்கு, ரெக்சின். ஐந்து நிமிடம். அதற்குமேல் இருந்தால் என் மூச்சே அதைக் கலைத்துவிடும் என்று எழுந்துவிடுவேன். நான் இடம் தேடியது காருக்கு அன்று. அதற்குள் கட்டி வைத்திருந்த காற்றுக்கு. எல்லோரிடமும் துரு என்றும் எலி என்றும் சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

அப்போதுதான் சென்னியப்பன் துக்கம் விசாரிக்க இரண்டாம் முறையாக வந்தார். பேச்சோடு பேச்சாக இடம் தேடுவதைச் சொன்னேன். “நம்ம சாலைல கொண்டாந்து நிறுத்துங்க சார். சுண்ணாம்புக்காரை போட்ட தரை, ஓடு வேஞ்சது, சொட்டு ஈரம் அண்டாது” என்றார். சாலை என்பது தோட்டத்தில் பொருள் வைக்கும் கொட்டகை. எப்போது என்று கேட்கவில்லை. எத்தனை மாதம் என்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஆகட்டும் என்றார்.

விதி எனக்கு நினைவில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேள்வி கேட்காத ஒருவர் அப்போது எனக்கு வசதியாக இருந்தார். கேட்டால் கண்ணாடியைப் பற்றியும் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். திறக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

டிசம்பரில் கண்ணாடிகளை ஏற்றியபடியே கொடுமுடிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சாலையில் நிறுத்தினேன். சாவியைச் சென்னியப்பனின் மனைவி பாவாத்தா வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன் பிறகு மாதம் இருமுறை தொலைபேசுவேன். ஒவ்வொரு முறையும் சென்னியப்பன், “வண்டி ராசாவாட்ட இருக்குதுங்க சார், நீங்க வெசனப்படாதீங்க” என்பார்.

ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏதோ தோன்றி, சொல்லாமல் கிளம்பிப் போனேன். ரயிலடியிலிருந்து ஆட்டோ. தோட்டத்து வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தார்ப்பாய். அதன் கீழே மூட்டைகள். மூட்டைகளின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் இளமஞ்சளாக இருந்தது. வெயிலில் பாய் விரித்து, நனைந்த விரலி மஞ்சளைப் பாவாத்தா பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “அய்யோ, வாங்க சார், ஒரு போன் பண்ணீருந்தா இவரு வண்டி கொண்டாந்திருப்பாருங்களே” என்றார்.

வீட்டுக்குள் போகக் கால் வைக்க இடமில்லை. ஆசாரம் என்னும் முன்கூடத்தில் மூட்டை, படுக்கும் அறையில் கூரை வரை மூட்டை. இரண்டு கயிற்றுக் கட்டில்கள் வெளித் தாழ்வாரத்தில் கிடந்தன. ஒன்றின் தலைமாட்டில் சென்னியப்பனின் இரத்த அழுத்த மாத்திரை இருந்தது.

“வெளிய படுத்தா காத்து நல்லா வருதுங்க” என்றார் பாவாத்தா, நான் கேட்காமலேயே.

எனக்குப் புரிந்துவிட்டது. தை மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்த மஞ்சளை ஆண்டுதோறும் அவர்கள் வைக்கும் இடம் அந்தச் சாலை. ஈரம் அண்டாத அந்த ஒரே இடத்தில் ஹெரால்டு நின்றுகொண்டிருந்தது. ஓர் ஆண்டின் வெள்ளாமை மழையில் நின்றது.

சென்னியப்பன் வயலிலிருந்து வந்தார். நான் நெடுநேரம் அவரைக் கோபித்துக்கொண்டதாக நினைவு. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்றேன்.

“சொன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்கல்லங்க?”

“எடுத்துட்டுத்தான் போயிருப்பேன்.”

“அதான் சொல்லுலீங்க. எம் புள்ள மலையேறுன வண்டிங்க சார் அது. அம்மா அன்னைக்கி வர்லீன்னா, முகூர்த்தம் போச்சுன்னு மாப்பளையூட்டுக்காரங்க பொறப்பட்டே போயிருப்பாங்க. மஞ்சளுக்கென்னங்க, கழுவிக் காயப்போட்டா ஆச்சு.”

பியூலாவின் விதி அந்த ஒரு மனிதரிடம் தோற்றது. கேள்வியே கேட்காமல், முழு மனத்தோடு ஆகட்டும் என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். அதை அவளிடம் போய்ச் சொல்ல முடியவில்லை.

பிறகு சாலைக்குப் போனோம். கதவு அகலத் திறந்திருந்தது. ஹெரால்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. எல்லாக் கண்ணாடிகளும் முழுதாக இறக்கப்பட்டிருந்தன. இருக்கைகளின்மேல் வேப்பந்தழை. தரையில் துடைத்த ஈரம் காய்ந்த வரிகள்.

“வாரத்துக்கு ரெண்டு நாளு இப்படித் தொறந்து போட்டுருவனுங்க” என்றார் பாவாத்தா. “வந்த புதுசுல உள்ளார ஒரே அடஞ்ச வாசமுங்க. ஆஸ்பத்திரியாட்ட, மருந்தாட்ட. பாவம், அம்மிணி ஓட்டுன வண்டிய அப்படி வெக்கலாமுங்களா? இப்பப் பாருங்க, எப்படி இருக்குதுன்னு.”

குனிந்து உள்ளே தலையை நீட்டினேன். என் மூக்கு தன் வேலையைச் செய்தது. வேம்பு. மஞ்சள். சலவை சோப்பு. செங்கல்லின் சூடு. வேறு ஒன்றும் இல்லை.

“இதையும் எடுத்துத் தொவச்சு வெச்சிருக்கறனுங்க” என்று, நான்காக மடித்த ஒரு கைக்குட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் காயும் களத்தில்தான் உலர்த்தியிருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சள் பிடித்திருந்தது. “அந்தக் கறை மட்டும் போகுலீங்க” என்று வருத்தப்பட்டார்.

நான் அந்தக் கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்கம்மா” என்றேன். எடுத்த எடுப்பில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

சென்னியப்பனும் நானும் ஆளுக்கொரு ரகசியத்தை மரியாதைக்குள் பொதிந்து வைத்திருந்தோம். அவருடையது வெளியே நனைந்தது. என்னுடையது உள்ளே உலர்ந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த அம்மாள் என் மனைவி ஓட்டிய வண்டியைத் தன் பூசை அறையைப்போல் நான்கு மாதம் பார்த்துக்கொண்டார். பிறகு யோசித்துப் பார்க்கையில், பியூலா உயிரோடு இருந்திருந்தால் அந்த அடைத்த கதவுகளை அவளும் இப்படித்தான் திறந்து போட்டிருப்பாள் என்று தோன்றியது. புழுக்கம் அவளுக்கு ஆகாது.

வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்வது அடுத்த சங்கடம். மஞ்சளுக்காக எடுக்கிறேன் என்று சொன்னால் அவர் நாணிப்போவார். பேரன் வண்டியில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்றேன். பேரனுக்கு இந்த வண்டி இருப்பதே பாதி நேரம் நினைவிருக்காது. சென்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்களால எதாச்சும் கொறைங்களா சார்?”

“ஒரு குறையும் இல்லப்பா.”

“அங்க எங்கீங்க நிறுத்துவீங்க? வெயிலு படுமா? தண்ணி தெறிக்குமா? யாருங்க தொடச்சு வெப்பாங்க?”

எண்ணிப் பார்த்தேன். நான்கு.

பேட்டரியை மாட்டி, போனட்டைச் சாய்த்து, டயரின்மேல் உட்கார்ந்து எண்ணெய் பார்த்தோம். கிளம்புவதற்கு முன் நானும் ஒரு மூட்டை மஞ்சளின் நுனியைப் பிடித்துச் சாலைக்குள் இழுத்து வைத்தேன். இரண்டாவது மூட்டைக்கு என்னை விடவில்லை. “சாப்புட்டுப் போலாமுங்க” என்றார் பாவாத்தா. நான் இம்முறை மறுக்கத் தெரிந்தவன். ஆனாலும் மறுக்கவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. அரிசி ஏற்கெனவே உலையில் இருந்தது.

முத்தூர், காங்கேயம், பல்லடம் வழியாக ஓட்டி வந்தேன். கண்ணாடிகளை ஏற்றவில்லை. முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. செம்மண், சரளை, இடையே கொஞ்சம் கரிசல் என்று வழக்கம்போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு லாரி பின்னாலிருந்து நெடுநேரம் ஒலி எழுப்பிய பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

மகளின் அடுக்ககத்தில், எல்லோரும் பந்து விளையாடும் அந்தத் திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். காவலாளி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஜன்னல் வழியே மூக்கை நுழைத்தார்.

“உள்ளார பூரா மஞ்ச வாசமடிக்குது. ஊட்டுல எதாச்சும் விசேசமுங்களா சார்?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இன்று அந்தத் துண்டுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். மட்கார்டில் பந்து பட்ட வட்டம் ஒன்று. பின்னிருக்கையில் யாரோ ஒரு குழந்தை தின்ற பிஸ்கட் தூள். இடுக்கில் கை விட்டேன். கொண்டை ஊசிகள் இருந்தன, பாவாத்தா அவற்றைக் கழுவித் திரும்ப அங்கேயே போட்டிருந்தார். பயணி இருக்கையில் அமர்ந்து முகர்ந்து பார்த்தேன். யூடிகோலன் போய் நெடுநாளாயிற்று. வேம்பு போயிற்று. மழைக்காலம் வரை தாக்குப்பிடித்த மஞ்சளும் இப்போது இல்லை. தெருவிலிருந்து வரும் காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே அமர்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேலேயே இருந்திருப்பேன்.